இழுத்துச் செல்லும் வீடும் எல்லோருக்குமான தீவும்

வார விடுமுறை என்றதும் உங்கள் மனதில் முதலில் என்ன வருகிறது? தாய்வீட்டுக்கு ஒரு பயணம், பிள்ளைகளுடன் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது, அல்லது குவிந்து கிடக்கும் துணிகளைத் துவைத்து முடிக்கும் வேலை! அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் வாழும் சில குடும்பங்களுக்கு வார விடுமுறை வேறு விதமாக வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை, வீட்டு முற்றத்தில் நிற்கும் படகை வண்டியில் கொளுவி, கடலை நோக்கி இழுத்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். இரண்டு இரவுகள் ஏதாவதொரு தீவின் குடாவில் தங்கிவிட்டு, ஞாயிறு மாலை அதே படகை இழுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

கேட்கும்போது இது பணக்காரரின் ஆடம்பரம் என்று தோன்றும். ஓரளவுக்கு அது உண்மையும்தான். ஆனாலும் இந்தப் பயணத்தோடு ஒரு முறை போய்ப் பார்ப்போமானால், ஆடம்பரத்துக்கு அப்பால் நாம் கற்றுக்கொள்ளவும் யோசிக்கவும் பல விடயங்கள் இருப்பதைக் காணலாம். வாருங்கள், சியாட்டல் நகரத்துக் குடும்பமொன்றின் இடத்தில் உங்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன படகு?

இந்தப் படகை அங்கே 'எக்ஸ்பிரஸ் குரூசர்' என்று அழைக்கிறார்கள். மாடி இல்லாத, தாழ்ந்து நீண்ட உருவம். பின்புறம் திறந்த தளம். அதிலேயே சுக்கானும் இருக்கைகளும் இருக்கும். முன்புறத்தில் மூன்று நான்கு படி கீழே இறங்கினால் சின்னஞ்சிறு அறை. படகின் மூக்குப் பகுதியில் முக்கோண வடிவில் ஒரு கட்டில். அதில் இருவர் படுக்கலாம். சுக்கான் தளத்துக்குக் கீழே குகை போன்ற இன்னொரு படுக்கை. அது எப்போதும் பிள்ளைகளுக்குத்தான். பெரியவர்கள் அதற்குள் ஊர்ந்து போக மனம் வைப்பதில்லை.

இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே ஒரு குசினி. குசினி என்றால், கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டும் அளவு. ஒற்றை அடுப்பு, ஒரு கழுவுதொட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் ஏறத்தாழ 20 கலன் கொள்ளும். கதவோடு கூடிய சிறிய மலசலகூடமும் உண்டு. அதன் கழிவு கடலில் விடப்படாமல் ஒரு தாங்கியில் சேரும். துறைமுகத்தில் உள்ள உறிஞ்சு குழாயில் அதை வெறுமையாக்க வேண்டும்.

எட்டரை அடிக்குள் அடங்க வேண்டும்

இந்தப் படகின் உருவத்தைத் தீர்மானிப்பது கடல் அல்ல, வீதி. விசேட அனுமதி இல்லாமல் அமெரிக்க வீதியில் இழுத்துச் செல்லக்கூடிய அகலம் எட்டரை அடி. அதற்குள் ஒரு குடும்பம் உறங்கவும் உண்ணவும் இடம் தேட வேண்டும். ஆகவே படகு செய்பவர்கள் அகலத்தில் இழந்ததை நீளத்தில் எடுத்து, 24 முதல் 26 அடி வரை கட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய படகுகளும் உண்டு. ஆனால் அவை துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்க வேண்டியவை. அடிக்கணக்கில் மாத வாடகையும் கொடுக்க வேண்டும். இழுத்துச் செல்லும் படகோ வீட்டு முற்றத்தில் வாடகையின்றி நிற்கும். இந்த வாரம் கடல், அடுத்த வாரம் ஏரி என்று இடத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

பாரத்தைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். வெறும் படகு ஏறக்குறைய 6,500 இறாத்தல். 80 கலன் பெற்றோல் 480 இறாத்தல். தண்ணீர், நங்கூரம், சாமான், உடைமை எல்லாம் சேர்த்து இன்னும் எழுநூறு. அதைத் தாங்கும் ட்ரெய்லர் 1,800. கூட்டினால் நான்கு தொன்னைத் தாண்டிவிடுகிறது! இதைச் சாதாரணக் காரால் இழுக்க முடியாது. பெரிய பிக்கப் வண்டி தேவை. இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம் என்பதால் ட்ரெய்லருக்குத் தனியாகவே பிரேக் இருக்கும். முன்னால் போகும் வாகனத்துக்கும் தமக்கும் இடையே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டு ஓட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

சியாட்டலிலிருந்து வடக்கே அனகோர்ட்டஸ் என்னும் கரையோர நகரம் ஏறத்தாழ 80 மைல். அதன் மேற்கு முனையில் 'வாஷிங்டன் பார்க்' என்னும் நகரப் பூங்கா. ஊசியிலை மரங்களுக்கு நடுவே கடலுக்குள் சரிந்து இறங்கும் சீமெந்துத் தளம் ஒன்று அங்கே உண்டு. படகு கடலைத் தொடுவது அங்கேதான்.

சாய்தளத்தில் ஒரு சோதனை

சகோதரிகளே, கணவன் மனைவியின் பொறுமையைச் சோதிக்க இந்தச் சாய்தளத்தைவிட நல்ல இடம் கிடையாது! பின்னால் கட்டிய ட்ரெய்லரைப் பின்நோக்கிச் செலுத்தும்போது, சுக்கானை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடப்பக்கம் போகும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வண்டியில் ஒருவர், கீழே நின்று கை காட்டுபவர் ஒருவர். குரல்கள் உயர அதிக நேரம் ஆகாது.

இதற்கு எளிய வழியொன்று உண்டு. சுக்கான் வளையத்தை மேலே பிடிக்காமல் அதன் அடிப்பகுதியில் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் அரை நாள் பழகினால் யாருக்கும் இது வந்துவிடும்.

ஆயத்த வேலைகளையெல்லாம் சாய்தளத்துக்கு வரும் முன்பே, ஒதுக்குப்புறமாக நிறுத்திச் செய்துவிட வேண்டும். சாமான்களை ஏற்றுவது, பின்பக்கப் பட்டிகளைக் கழற்றுவது, கயிறுகளையும் காப்பு மெத்தைகளையும் கட்டுவது எல்லாம் அங்கேயே. அதைவிட முக்கியமான ஒன்று, படகின் பின்புற அடியில் உள்ள சிறிய வடிகால் துளையின் அடைப்பை இறுக்குவது. விரல் அளவேயான இந்த அடைப்பை மறந்தால், பெரும் பணம் கொடுத்து வாங்கிய படகு துறையிலேயே அமிழத் தொடங்கும். நெடுந்தூரம் ஓடிய ட்ரெய்லரின் சில்லுகள் சூடாக இருக்கும்போதே கடலில் இறக்கக் கூடாது. சூடான குடம் குளிர்ந்த நீரில் சட்டென்று சுருங்கும்போது உப்பு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் விளைவு அடுத்த பயணத்தில் நடுவீதியில் தெரியவரும்.

இயந்திரத்தை முடுக்கும் முன் இன்னொரு கடமை உண்டு. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடிவயிற்றில் தங்கி நிற்கும். ஆகவே இயந்திர அறையின் காற்றோட்ட விசிறியை நான்கு நிமிடம் ஓட விட்டு, மூக்கால் மணந்து பார்த்த பின்பே சாவியைத் திருப்ப வேண்டும். அவசரக்காரருக்கு அந்த நான்கு நிமிடம் நீளமானது. ஆனால் ஒரு பொறி போதும், படகே வெடித்துவிடும்.

நீரிணையைக் கடந்து

கரையை விட்டதும் எதிரே ரொசாரியோ நீரிணை. அதற்கு அப்பால் சான் ஹுவான் தீவுக்கூட்டம். லம்மி முதலான கடலோரப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓடங்களில் மீன்பிடித்து வாழ்ந்த நீர்ப்பரப்பு இது. இன்று இதே நீரிணை வழியாக எண்ணெய்க் கப்பல்களும் போகின்றன. பாரமேறிய கப்பலால் நினைத்தவுடன் நிற்கவோ திரும்பவோ முடியாது. சின்னப் படகுதான் விலகிப் போக வேண்டும்.

நமது கரைகளில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அங்கேயோ சில நாட்களில் அது மூன்று மீற்றரைத் தாண்டும். அவ்வளவு நீரும் தீவுகளுக்கிடையில் உள்ள ஒடுங்கிய வாய்க்கால்களால் ஏறி இறங்கும்போது ஆறு போல ஓடும். காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த்திசையிலும் இருந்தால் அலைகள் செங்குத்தாக எழும். எனவே புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பது நமது வசதியல்ல, வற்றுப்பெருக்கு அட்டவணைதான்.

கறுப்பு வெள்ளை நிறமுடைய ஓர்க்காத் திமிங்கிலங்களின் குடும்பமொன்று இங்கே வாழ்கிறது. தெற்கு வதி திமிங்கிலங்கள் எனப்படும் இவை இன்று எண்பதுக்கும் குறைவு. பிரதான உணவான சினூக் சால்மன் மீன் குறைந்ததும், படகுகளின் இரைச்சலும் இவற்றை வாட்டுகின்றன. 2025 ஜனவரி முதல், இவற்றிலிருந்து 1,000 யார் தூரம் விலகியே படகுகள் செல்ல வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். கிட்டப் போய்ப் படம் பிடிக்கும் ஆசையைப் பிள்ளைகள் அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்றை நேசிப்பதற்கு அதைவிட்டு விலகி நிற்கவும் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்கு அங்கே கிடைக்கும் பாடம்.

அழுக்குத் தீவின் அழகு

ஏறத்தாழ இருபது கடல் மைல் ஓடினால், குதிரை இலாடம் போல வளைந்த ஒரு தீவு வரும். அதன் பெயர் சூசியா. 1791ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த ஸ்பானிய மாலுமி பிரான்சிஸ்கோ டி எலிசாவின் பயணத்தில் இடப்பட்ட பெயர் அது. ஸ்பானிய மொழியில் 'அழுக்கானது' என்று பொருள். தீவில் அழுக்கு எதுவும் இல்லை. சுற்றிலும் நீருக்குள் மறைந்திருக்கும் பாறைகளைக் கண்டே மாலுமிகள் அப்படி அழைத்தார்கள்.

தேன்கூடு போலத் துளைபட்ட மணற்கற்கள், செந்நிறப் பட்டையோடு கடலை நோக்கிச் சாயும் மட்ரோனா மரங்கள், குடாவுக்கு நேரே வெண்பனி போர்த்த பேக்கர் மலை. ஜூன் மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். 2012ஆம் ஆண்டில் இத்தீவின் கரையில் டைனோசர் ஒன்றின் தொடை எலும்புத் துண்டு கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுப் பழமையானது. வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த முதல் டைனோசர் எச்சம் அதுதான்.

இத்தீவுக்குப் பயணிகள் படகுச் சேவை கிடையாது. கடையும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. கொண்டு வந்த குப்பையைக் கொண்டு வந்தவரே திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். பூங்காவின் மிதவைகளில் படகைக் கட்டலாம். ஆனால் முன்கூட்டிப் பதிய முடியாது. முதலில் வருபவருக்கே இடம். தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் தங்கவும் முடியாது. ஒரு கோடி டொலர் படகில் வந்தவருக்கும், துடுப்பு வலித்து வந்த மாணவனுக்கும் அங்கே ஒரே சட்டம்தான்.

இந்த நிலை தானாக வந்ததல்ல. தீவின் பெரும்பகுதி முன்பு தனியாரின் கையில் இருந்தது. விடுமுறை வீடுகளுக்காக அது துண்டாடப்படலாம் என்ற அச்சம் எழுந்தபோது, படகுக் கழகங்களின் கூட்டமைப்பொன்று விழித்துக்கொண்டது. எவ். ஹென்றி என்பவர் முன்னின்று, படகு வைத்திருந்த உறுப்பினர்களிடம் நன்கொடை திரட்டினார். 25,000 டொலர் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டில் அந்த நிலத்தை வாங்கி, என்றென்றும் பொதுப் பூங்காவாக இருக்க வேண்டும் என்று மாநிலத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் நினைத்திருந்தால் தங்கள் கழகத்துக்கு மட்டும் அதைச் சொந்தமாக்கிக் கரையில் ஒரு வேலியும் போட்டிருக்கலாம். படகு என்னுடையதாக இருக்கலாம், அது போய் நிற்கும் குடா எல்லோருடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு இல்லாவிட்டால், இன்று எத்தனை விலையுயர்ந்த படகு இருந்தும் போய்ச் சேர ஓர் இடம் இருந்திராது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

அழகைப் பற்றிப் பேசிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. இந்தக் கடல் கோடையிலும் குளிர்ந்தது. நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 13 பாகை செல்சியஸ். திடீரென விழுபவர் முதலில் மூச்சுத் திணறுவார். சிறிது நேரத்தில் கைகால்கள் சொல் கேளாது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்பில்லை. உயிர்காப்பு அங்கி அலுமாரியில் இருந்து பயனில்லை. உடம்பில் இருக்க வேண்டும்.

மற்ற எதிரி, மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு. இயந்திரப் புகையோடு வெளியேறும் இந்த நச்சு வாயு, படகு ஓடும்போது பின்புறத்தில் சுழன்று மீண்டும் தளத்துக்குள் வரும். குளிருக்காகத் துணிக் கூரையை இறுக்கி மூடினால் அது உள்ளேயே தேங்கும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்பன இதன் அறிகுறிகள். பலர் இதைக் கடல் மயக்கம் என்று எண்ணி, பிள்ளையைக் கீழே படுக்க வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. பிள்ளையைத் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்தி, உதவி கோர வேண்டும்.

2000ஆம் ஆண்டு ஓகஸ்டில், யூட்டா மாநிலத்தை ஒட்டிய லேக் பவல் ஏரியில், எட்டு வயதும் பதினொரு வயதுமான இரு சகோதரர்கள் வீட்டுப் படகொன்றின் பின்மேடைக்கு அடியில் நீந்தப் போய் இந்த வாயுவால் இறந்தார்கள். மின்பிறப்பாக்கியின் புகை அங்கேதான் வெளியேறிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அரசாங்க ஆய்வுகள் நடந்தன, எச்சரிக்கைகள் வந்தன. படகு அறையில் வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி இருக்க வேண்டும். இயந்திரமோ மின்பிறப்பாக்கியோ ஓடும்போது பின்மேடைப் பக்கம் யாரும் நீந்தக் கூடாது. இந்த இரண்டையும் ஒரு தாய் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உங்களுக்கென்று சில வார்த்தைகள்

படகில் பெரும்பாலும் கணவரே சுக்கானில் இருப்பார். அவர் தவறி நீரில் விழுந்தால்? மயங்கிச் சாய்ந்தால்? அந்த நிமிடம் படகின் தலைவி நீங்கள்தான். இயந்திரத்தை நிறுத்துவது, படகைத் திருப்புவது, நங்கூரம் இடுவது, வானொலியில் 16ஆம் அலைவரிசையில் கரையோரக் காவல் படையை அழைத்துப் படகு நிற்கும் இடத்தைச் சொல்வது, இந்த நான்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாஷிங்டனில் 1955ஆம் ஆண்டு தொடக்கத்துக்குப் பின் பிறந்தவர்கள், 15 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்டுவதற்குப் படகோட்டக் கல்வி அட்டை பெற வேண்டும். இந்தப் படிப்பைக் கணவர் மட்டும் படித்துவிட்டு வருவது போதாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த விடுமுறை யாருக்கு? வீட்டுச் சமையலறையை விட்டு வந்து, அதைவிடச் சின்னதொரு குசினியில் மூன்று நேரமும் குனிந்து நின்றால் அது உங்களுக்கு ஓய்வாகுமா? முன்யோசனை உள்ள குடும்பங்கள் கறியை வீட்டிலேயே சமைத்து உறைய வைத்து எடுத்துச் செல்கின்றன. ஐஸ் பெட்டியில் அதுவே ஐஸாகவும் உதவும். சமைத்தவர் கழுவுவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்கிறார்கள். 20 கலன் தண்ணீரை இரண்டு நாளைக்கு நால்வர் பங்கிட வேண்டும் என்பதால், குழாயைத் திறந்து விட்டுப் பல் துலக்கும் பிள்ளையும் அங்கே சிக்கனம் படிக்கிறது.

செலவுக் கணக்கு

படகு என்பது நீரில் உள்ள ஒரு குழி, அதில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கலாம் என்று படகுக்காரர்களே தம்மைக் கேலி செய்துகொள்வார்கள். இந்த அளவுப் படகு புதிதாக வாங்கினால் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டிவிடும். பழையதை அதில் ஒரு பங்குக்கு வாங்கலாம். ஆனால் வாங்கும் முன் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். வேகமாக ஓடும்போது மணிக்கு 12 முதல் 15 கலன் பெற்றோல் குடிக்கும். இழுக்கும் வண்டியின் எரிபொருள் வேறு. காப்புறுதி, குளிர்காலத்துக்கு முன் இயந்திரத்தை நீர் வடித்துப் பாதுகாப்பது, ட்ரெய்லரின் டயர், பிரேக் எல்லாம் வேறு. வருடத்தில் நான்கு முறை மட்டுமே கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு, வாடகைக்கு எடுப்பதே இலாபம்.

ஞாயிறு மாலை வீடு திரும்பியதும் வேலை முடிவதில்லை. இயந்திரத்துக்குள் நல்ல தண்ணீர் செலுத்தி உப்பைக் கழுவ வேண்டும். ட்ரெய்லரையும் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் நீர்ப்பாசிகளை அகற்றி, அடைப்பைத் திறந்து நீரை வடித்துக் காயவிட வேண்டும். ஒரு நீர்நிலையின் உயிரிகள் இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்கவும் இது அவசியம்.

சகோதரிகளே, நம்மில் மிகப் பெரும்பாலோர் இப்படியொரு படகை ஒருபோதும் வாங்கப் போவதில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் சூசியாத் தீவை வாங்கியவர்களின் எண்ணம் எந்த ஊருக்கும் பொருந்தும். நமது வீட்டுக்குள் எதைச் சேர்க்கிறோம் என்பது ஒரு கணக்கு. வாசலுக்கு வெளியே கடற்கரையையும் குளத்தையும் நிழல் மரத்தையும் எல்லோருக்குமாக விட்டு வைக்கிறோமா என்பது மற்றொரு கணக்கு. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் மிஞ்சுவது இரண்டாவது கணக்கைப் பொறுத்ததே. அடுத்த முறை பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும்போது, கொண்டுபோன குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.